வரலாறும் புவியியலும் குடியியலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி படிப்பிப்பது எப்படி? வடமராட்சியில் நியமனம் பெற்ற ஆசிரியருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் புதிதாக நியமனம் கிடைத்திருக்கிறது. தரம் 8, 9 பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் தந்திருக்கிறார்கள், ஆளில்லாததால் குடியியற் கல்வியும் உங்கள் தலையில்தான். வகுப்பில் 38 பேர், 40 நிமிடப் பாடவேளை, புரொஜெக்டர் கிடையாது. பிள்ளைகள் குறிப்பை எழுதிக்கொண்டு கொட்டாவி விடுகிறார்கள், என்ன செயற்பாடு செய்யலாம், வளங்களை எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வளங்கள் எங்கே என்பது சுலபமானது, பிறகு சொல்கிறேன். மற்றது நீங்கள் நேரடியாகக் கேட்காதது: இந்தப் பாடம் தனக்குரியது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றவைப்பது? அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது சரிவராமல் எத்தனை படம் காட்டினாலும், எத்தனை பிறிஸ்டல் போர்ட் ஒட்டினாலும் கொட்டாவி நிற்காது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 11 வரை இந்த மூன்று பாடங்களையும் நீண்ட காலம் படிப்பித்திருக்கிறேன், பிறகு ஆசிரிய ஆலோசகராகப் பலருடைய வகுப்புகளின் கடைசி வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆரம்பப் பிரிவில் படிப்பித்ததில்லை, உயர்தரத்தில் அனுபவம் குறைவு. அந்த எல்லைக்குள் நின்றுதான் சொல்கிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. வகுப்பை உயிர்ப்பிப்பது செயற்பாடு என்று நாங்கள் நினைக்கிறோம், உண்மையில் அதைச் செய்வது கேள்வி. நல்ல கேள்வி ஒன்று கரும்பலகையில் இருந்தால், வெண்கட்டியும் பாடநூலும் மட்டும் இருந்தாலும் பிள்ளைகள் வாதாடுவார்கள். கேள்வி இல்லாமல் குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு மார்க்கர் கொடுத்து, பாடநூலில் உள்ளதைப் பெரிய தாளில் பார்த்து எழுதவைத்தால் அது பெரிய எழுத்தில் எழுதிய குறிப்புத்தான். நல்ல கேள்வி என்று நான் சொல்வது, பதில் பாடநூலில் ஒரே வசனமாக இல்லாத கேள்வியை. இரண்டு மூன்று சான்றுகளைப் பார்த்து, யோசித்து, ஒரு முடிவுக்கு வந்து, அதற்குக் காரணம் சொல்லவேண்டிய கேள்வியை.

உதாரணத்துக்குப் போர்த்துக்கேயர் காலத்தை எடுங்கள். 1619-ல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது, இரண்டாம் சங்கிலி பிடிபட்டான், பிலிப் டி ஒலிவேரா ஆட்சியைக் கையில் எடுத்தான் என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த கிழமை மறந்தும்விடும். அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் குடாநாட்டின் கோட்டுப்படத்தைக் கீறி, நல்லூரையும் இப்போது கோட்டை இருக்கும் இடத்தையும் இரண்டு புள்ளிகளாகக் குறித்து, ‘நல்லூரில் அரண்மனை, கோயில், சந்தை எல்லாம் இருக்க, பிடித்தவன் ஏன் 1621-ல் தலைநகரைக் கடனீரேரிக் கரைக்கு மாற்றினான்?’ என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். ‘கப்பல் வரும் ரீச்சர்’ என்று ஒருவன் சொல்வான். ‘அந்த இடத்தில் கடல் ஆழமில்லையே, பெரிய கப்பல் எப்படி வரும்?’ என்று மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று திருப்பிக் கேட்கும். சிறிய வள்ளம் போதும், உதவிக்கு ஆள் வர வழி வேண்டும், ஊர்ச்சனம் சுற்றி வளைத்தால் ஒரு பக்கமாவது தண்ணீர் இருக்கவேண்டும், பழைய அரசனின் நினைவு இருக்கும் இடத்தில் இருக்க விரும்பியிருக்க மாட்டான் என்றெல்லாம் வரும். அந்த வாதம் முடிந்த பிறகு பாடநூலைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது அந்தப் பந்தியை வேறு கண்ணால் வாசிப்பார்கள்.

கோட்டைக்கு அழைத்துப்போக முடிந்தால் மிக நல்லது, ஆனால் ‘சுற்றிப் பாருங்கள்’ என்று விட்டால் செல்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒரு பகுதியினர் மதிற்கல்லில் முருகைக்கல் எது, சுண்ணாம்புக்கல் எது என்று பார்த்துக் கீறட்டும், முருகைக்கல்லில் பவளத்தின் வரிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இன்னொரு பகுதியினர் மதில்மேல் நடந்து எத்தனை மூலை என்று எண்ணட்டும். ஐந்து வரும், 1658-ல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் பிறகு திருப்பிக் கட்டிய வடிவம் அது. ஒவ்வொரு மூலையிலும் நின்று பக்கத்து மதில் முழுவதும் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னால், பீரங்கிக் காலத்தில் ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இடிந்து கிடக்கும் தேவாலயம் எப்போது இடிந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். 1990 சண்டையில் என்று நேராகச் சொல்லுங்கள், மழுப்பவேண்டாம்.

ஆனால் நீங்கள் இருப்பது வடமராட்சியில். பஸ் பிடித்துக் கோட்டைக்கு வருவதற்கு முன் உங்கள் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இருக்கிறது, தெருவுக்கு மேலேயே கட்டிய மடம், பிள்ளைகள் அதற்குள்ளால் சைக்கிளில் போய்வருவார்கள், ஆனால் ஏன் அங்கே அது இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். குடாநாட்டின் பழைய வீதிகளில் மடம், கேணி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி நான்கும் ஒன்றாக அல்லது கிட்டக்கிட்ட இருப்பதைக் காணலாம். வண்டில் மாட்டுக்குத் தண்ணீர் கேணியில், உடம்பு உரஞ்ச ஆவுரோஞ்சிக்கல், தலைச்சுமையை இன்னொருவர் துணையில்லாமல் இறக்கி ஏற்றச் சுமைதாங்கி, இரவு தங்க மடம். இவ்வளவையும் சொல்லிக் கொடுத்துவிடாமல், ஒரு சனி ஞாயிறு விடுமுறைக்கு ‘உங்கள் ஊரில் இப்படிப்பட்டது ஏதும் இருந்தால் எந்தச் சந்திக்குப் பக்கத்தில், எந்த வீதியில் என்று எழுதி, ஒரு கோட்டுப்படம் கீறிக்கொண்டு வாருங்கள்’ என்று விடுங்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் சேர்ந்தால், பஸ்சும் லொறியும் வருமுன் எந்தப் பாதையால் சுமை போனது, எந்தச் சந்தைக்குப் போனது என்பது மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். இது வரலாறு, இதுவே புவியியலின் படவேலையும். இரண்டு பாடத்துக்கும் ஒரே ஆசிரியர் என்பது உங்களுக்குச் சுமையாக இருக்கலாம், இந்த மாதிரி வேலைக்கு அதுதான் வசதி.

மூலாதாரங்கள் பற்றிய பகுதிக்கு வல்லிபுரம் பொற்தகட்டை விட்டுவிடாதீர்கள். வல்லிபுரத்தில் கிடைத்த அந்தச் சிறு தகடு 1936-ல் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. பிராமி எழுத்தில் உள்ளது, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் அநுராதபுரத்தில் ஆண்ட வசப மன்னனின் காலத்தைச் சேர்ந்தது என்று படித்திருக்கிறார்கள். அதில் வரும் இடப்பெயரும் ஆள்பெயரும் எதைக் குறிக்கின்றன, அதிலிருந்து இங்கே அன்று வாழ்ந்தவர்களைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. 1980-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழி அகழ்வில் எடுத்த முத்திரையையும் பக்கத்தில் வைக்கலாம். அதில் மேலே குறியீடுகள், கீழே மூன்று பிராமி எழுத்துகள், அதையும் வெவ்வேறு விதமாக வாசிக்கிறார்கள். பிள்ளைகளிடம் இரண்டு நிரல் போடச் சொல்லுங்கள். ஒன்றில் பொருள் நேரடியாகச் சொல்வது, மற்றதில் அதை வைத்து மனிதர் ஊகிப்பது. உலோகத்தால் ஆனது, இன்ன எழுத்து, இன்ன ஊரில் கிடைத்தது என்பது முதல் நிரலில் வரும். யார் முதலில் வந்தார்கள், யாருடைய மண் என்பதெல்லாம் இரண்டாம் நிரலுக்குப் போகும். எங்கள் நாட்டில் வரலாறு படிப்பிக்கிறவர் ஒவ்வொருவரும் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய பழக்கம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெற்கிலிருந்து வரும் கூற்றையும் எங்கள் மேடைகளில் கேட்கும் கூற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கத் தெரிந்த பிள்ளை ஏமாறாது.

காலக்கோட்டைக் கொப்பியில் கீறுவதை விட்டு விளையாட்டு மைதானத்தில் நடத்துங்கள். ஒரு காலடி பத்து ஆண்டு. இன்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்தால் சுதந்திரம் எட்டுக் காலடிக்குள் வந்துவிடும். 1948 முதல் 1795 வரை ஆங்கிலேயர், பதினைந்து காலடி. 1795 முதல் 1658 வரை ஒல்லாந்தர், பதினான்குக்குக் கிட்ட. 1658 முதல் 1619 வரை போர்த்துக்கேயர், நாலே நாலு. பாடத்தில் போர்த்துக்கேயருக்கு இவ்வளவு பக்கம் இருக்க, இங்கே அவர்கள் ஆண்டது இவ்வளவுதானா என்று பிள்ளைகள் திகைப்பார்கள். பிறகு, வல்லிபுரம் தகடு எங்கே வரும் என்று கேளுங்கள். 1619-லிருந்து இன்னும் ஏறக்குறைய 150 காலடி பின்னால் போகவேண்டும், பெரும்பாலான பாடசாலைகளில் அது மதிலைத் தாண்டி வீதிக்குப் போய்விடும். செலவில்லாத வேலை, ஒரு பாடவேளைக்குள் முடியும், நான் பார்த்த எந்த வகுப்பிலும் இது பிழைத்ததில்லை.

புவியியலுக்கு வருகிறேன். குடாநாட்டில் புவியியல் படிப்பிக்கிறவருக்குக் கிணற்றை விடப் பெரிய வளம் இல்லை. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடனீரேரியோடு சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. குடிக்கிறதும் தோட்டம் செய்கிறதும் நிலத்தடி நீரில்தான், அந்த நீர் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கியது. அது கடல்நீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்நீர் சற்றுப் பாரமானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால் பயங்கரம் விளங்கும், மேலே ஒரு அடி நிரந்தரமாகக் குறைந்தால் கீழே உப்பு நீர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். பாறை எங்கும் ஒரே மாதிரி இல்லாததால் உண்மையில் இடத்துக்கிடம் மாறும், ஆனால் ‘வாட்டர் பம்ப் போட்டு இறைத்தால் என்ன, மழை வந்தால் நிரம்பும்தானே’ என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு கணக்குப் போதும், அன்றைய பாடத்தை மறக்காது.

செய்யவேண்டியது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே நாளில், தன் வீட்டுக் கிணற்றில் கட்டு மட்டத்திலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று கயிற்றில் கல் கட்டி அளந்து எழுதிவரவேண்டும். கட்டாயம் அம்மா அல்லது அப்பா பக்கத்தில் நிற்கவேண்டும், தனியாகக் கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது என்பதைக் கொப்பியில் எழுதிப் பெற்றோரின் கையெழுத்தும் வாங்குங்கள். கிணறு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மழையளவு கொடுங்கள், நேரான பக்கமுள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும் காணும். தண்ணீரின் உப்பை நாக்கால் சோதிக்க விடவேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்று விலை அதிகமில்லை, விஞ்ஞான ஆசிரியரிடம் இருந்தாலும் இருக்கும், பிள்ளைகள் போத்தலில் கொண்டுவரும் தண்ணீரை வகுப்பிலேயே அளக்கலாம். ஆவணியிலிருந்து தை வரை அளந்தால் ஒரு அட்டவணை, ஒரு கோட்டு வரைபு, ஒரு பரம்பல் படம் மூன்றும் பிள்ளைகளின் சொந்தத் தரவில் கிடைக்கும். வரைபு கீறுவது, அச்சில் அளவிடுவது, படத்தில் குறியீடு போடுவது எல்லாம் பரீட்சைக்கும் வேண்டியவைதானே. கடற்கரைப் பக்கத்துக் கிணறும் உள்ளூர்க் கிணறும் வேறுபடுவதைக் கண்டதும் ஏன் என்று அவர்களே கேட்பார்கள், அதுதான் வில்லையைப் பற்றிச் சொல்லவேண்டிய நேரம். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் பசளை கூடுதலாகப் போட்டதால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது நன்கு ஆய்வு செய்யப்பட்ட பிரச்சினை, அதையும் இதோடு இணைக்கலாம். ஆனால் எந்த வீட்டுக் கிணறு கெட்டது என்று வகுப்பில் பெயர் சொல்லவேண்டாம், இலக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீட்டை வைத்து ஒருவரையொருவர் இளக்காரம் செய்யத் தொடங்கிவிட்டால் முழு வேலையும் கெட்டுவிடும்.

குடித்தொகைப் பாடத்துக்கு ஒரு சின்ன அட்டவணை போதும். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டம் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம், 2012-ல் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம். இதைக் கரும்பலகையில் எழுதி, ‘எவ்வளவு குறைந்தது?’ என்று கேளுங்கள். கழித்துச் சொல்வார்கள். ‘சரி, இந்தக் கழித்தல் நியாயமா?’ என்று அடுத்த கேள்வி. 1981-ல் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 1984-ல். 2012-ல் கிளிநொச்சியில் 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர், அதைச் சேர்த்தால்தான் ஒப்பிடலாம். சேர்த்தாலும் முப்பது ஆண்டுக்குப் பிறகு முந்தியதைவிடக் குறைவு, நாட்டின் மொத்தத் தொகையோ கூடியிருக்கிறது. அதன் பிறகு கேட்கவேண்டியது, இடையில் 1991, 2001 நிரல்கள் எங்கே? 1991-ல் மதிப்பீடு நடக்கவே இல்லை, 2001-ல் வடக்கில் முழுமையாக நடத்த முடியவில்லை. ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் ஒரு சித்தப்பாவாவது மாமியாவது கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் மிகக் கவனம் வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருவது நல்ல முறை, நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் ‘யுத்த காலத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது’ என்று வீட்டுவேலை கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் வீட்டில் காணாமல் போன ஒருவரின் படம் சுவரில் இருக்கும், இன்னொரு வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று முடிவு செய்திருப்பார்கள். ஆசிரியருக்கு அதைத் திறந்துவிடும் உரிமை இல்லை, திறந்துவிட்ட பிறகு தாங்கும் பயிற்சியும் எங்களில் பெரும்பாலானோருக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பொருளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் இன்று உங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். ‘மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படி விளக்கு எரிந்தது, தண்ணீர் எப்படி இறைத்தார்கள்’ என்று கேட்டால் அம்மம்மா சிரித்துக்கொண்டும் சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் விளக்கோடு நிறுத்தலாம். முடிவு அவர்களுடையது. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் மொத்தமாக வெளியேறிய இடப்பெயர்வு தானாகவே வரும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களின் கதை பெரும்பாலும் தானாக வராது, அதை நீங்கள்தான் கொண்டுவரவேண்டும். எங்களுக்கு நடந்ததை மட்டும் படிப்பித்து, எங்கள் பக்கத்தால் நடந்ததை விட்டுவிட்டால் மேலே சொன்ன இரண்டு நிரலுக்கும் அர்த்தமில்லை.

குடியியலைத்தான் பிள்ளைகள் மிகவும் வெறுக்கிறார்கள், சனநாயகத்தின் பண்புகள் ஏழு, நல்ல பிரசையின் பண்புகள் பத்து என்று பாடமாக்க வேண்டியிருக்கிறதால். தேர்தலை வகுப்பில் நடத்திப் பாருங்கள், ஆனால் வகுப்புத் தலைவரைத் தெரிவதற்கு வேண்டாம், அதில் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வரும். கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று வையுங்கள்: கீரிமலை, நெடுந்தீவு, கோட்டை. ஜனாதிபதித் தேர்தல் மாதிரி 1, 2, 3 என்று விருப்பு இடச் சொல்லுங்கள். 38 வாக்கில் கீரிமலைக்கு 15, நெடுந்தீவுக்கு 13, கோட்டைக்கு 10 என்று வந்தால் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கோட்டையை நீக்கி அந்த 10 சீட்டிலும் இரண்டாம் விருப்பைப் பாருங்கள், 7 நெடுந்தீவுக்கும் 3 கீரிமலைக்கும் போனால் 20-க்கு 18 என்று நெடுந்தீவு வென்றுவிடும். முதலில் முன்னுக்கு நின்றவர் தோற்றுவிட்டாரே, இது நியாயமா என்று அரை மணித்தியாலம் சண்டை போடுவார்கள். 2024 செப்டெம்பரில் நாட்டில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதை அப்போது சொல்லுங்கள். அடுத்த கிழமை 1931-க்குப் போகலாம்: 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த அந்த முதல் தேர்தலை, முழுச் சுயராச்சியம் இல்லை என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது, வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாக இருந்தன. பருத்தித்துறையும் அதில் ஒன்று, உங்கள் பிள்ளைகளின் பூட்டன்மாரின் தொகுதி. செய்தது சரியா பிழையா? எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை வகுப்பில் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள், பிள்ளைகள் ஆசிரியரின் விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

உள்ளூராட்சிப் பாடத்துக்கு உண்மையான கடிதம் எழுதவையுங்கள். பாடசாலை ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறதா, தெருவிளக்கு எரியவில்லையா, அதற்குப் பொறுப்பு பிரதேச சபையா, நகர சபையா, வீதி அபிவிருத்தி அதிகார சபையா என்று கண்டுபிடிப்பதே பாதிப் பாடம். 2016-ன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்தைப் பிள்ளைகள் எழுதட்டும், பெற்றோர் ஒருவரின் பெயரில் போகட்டும், அதிபரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பதில் வந்தாலும் பாடம், வராவிட்டாலும் பாடம்.

வளங்கள். பாடநூல்களின் பிடிஎப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் இருக்கின்றன. வழிகாட்டியைப் பலர் திறப்பதே இல்லை, அதில் தேர்ச்சி மட்டங்களைப் பார்த்துவிட்டால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று துணிந்து முடிவெடுக்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம்தான் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய செல்வம், 2005-லிருந்து இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், மலர்களை எண்ணிம வடிவில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1981-ல் யாழ் நூலகம் எரிந்த ஊரில் அப்படி ஒன்று இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். உங்கள் பாடசாலையின் பழைய ஆண்டு மலரோ ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரோ அதில் இருந்தால் இரண்டு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்பில் கொடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தில் உங்கள் பகுதியின் தாள் ஒன்று வாங்கிவையுங்கள், கூகிள் ஏர்த்தை உங்கள் போனில் காட்டி இரண்டையும் ஒப்பிடலாம். நல்லூர், நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் சிறியது, ஆனால் ஒரு வகுப்பு ஒரு மணித்தியாலத்தில் பார்க்க அளவானது. யூடியூப் வீடியோக்களில் அவதானம் வேண்டும். யாழ்ப்பாண வரலாறு என்ற பெயரில் நிறைய இருக்கிறது, ஆதாரம் சொல்லாதவை அதிகம். காட்டினால், ஆதாரம் எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையோடு காட்டுங்கள்.

எனக்கு நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். 38 பேர் உள்ள வகுப்பில் ஆறு பேர் கொண்ட குழுவேலை பெரும்பாலும் இரண்டு பேரின் வேலையாகவே முடிகிறது, பக்கத்தில் இருப்பவரோடு சோடியாகச் செய்வது நல்லது என்பது என் அனுபவம், மற்ற ஆசிரியர்கள் மாறாகவும் சொல்வார்கள். நாடகம் போடுவது சில வகுப்புகளில் அற்புதமாக வந்தது, சிலவற்றில் இரண்டு கிழமை ஒத்திகையில் போய் ஒன்றும் மிஞ்சவில்லை, எது எங்கே சரிவரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாது. இந்த முறைகளால் சாதாரண தரப் பெறுபேறு கூடுமா என்று அதிபர் கேட்டால், கூடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கட்டமைப்பு வினாவில் காரணம் எழுதும் பிள்ளைகள் கூடினார்கள் என்று மட்டும் சொல்வேன். ஆண்டும் பெயரும் பாடமாக்கத்தான் வேண்டும், அதை இவை மாற்றாது. ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் கொப்பியை மூடிவைத்து, போன கிழமைப் பாடத்திலிருந்து ஐந்து சின்னக் கேள்வி கேட்பது மட்டும் எந்த வகுப்பிலும் பலன் தருகிறது, அதை விடாதீர்கள்.

ஐந்து பாடவேளையில் ஒன்றை இப்படிச் செய்தாலே காணும். மற்ற நான்கையும் வழமைபோல நடத்தி, குறிப்பைச் சுருக்குங்கள், பாடநூலில் உள்ளதைக் கொப்பியில் திருப்பி எழுதவைக்கும் நேரத்தை மிச்சம் பிடித்தால் பாடத்திட்டம் பின்தங்காது. இந்தத் தவணைக்குக் காலக்கோடும் கிணற்று அளவையும் போதும், அளவையை மாரி தொடங்குமுன் ஆரம்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏறுகிற நீர் மட்டத்தைத் தவறவிடுவீர்கள். அடுத்து எந்த அலகு படிப்பிக்கப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், அதற்கு இரண்டு மூன்று கேள்விகள் யோசித்துத் தருகிறேன்.